மறுமலர்ச்சிக் கால உடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மறுமலர்ச்சிக் கால விழாவுக்கோ விருந்துக்கோ உடை தயாரிப்பது குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மறுமலர்ச்சிக் காலத்தை மையமாகக் கொண்ட விழா ஒன்றுக்கு நானும் என் தோழியும் போகவிருக்கிறோம். அந்தப் பெயரில் விற்கப்படும் உடைகள் பெரும்பாலும் தோள் இறங்கிய வெள்ளைச் சட்டையும் அதன்மேல் இறுக்கிக் கட்டும் கோர்செட்டுமாக இருக்கின்றன. அதையே வாங்கிவிடலாமா? நாங்களே தைப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விருந்தில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள் என்றால் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியைப் போலத் தோன்ற வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அந்த உடை உதவாது. இடுப்பை ஒடுக்கிக் காட்டும் கோர்செட் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாணலோ திமிங்கில எலும்போ வைத்து விறைப்பாக்கிய உள்ளுடை புழக்கத்துக்கு வந்தது உண்மைதான். அது மார்பைத் தட்டையாக்கி உடலுக்குக் கூம்பு போன்ற வடிவம் தருவதற்காக மேலாடைக்குள் அணியப்பட்டது. வெறும் சட்டைக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் சந்தைக்குப் போவது, மேலாடையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவதற்குச் சமம்.

தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்: எந்த ஊர், எந்தப் பத்தாண்டு, என்ன தொழில் அல்லது தகுதி. மறுமலர்ச்சிக் காலம் என்ற ஒற்றைப் பெயருக்குள் ஏறத்தாழ 200 ஆண்டுகளும் ஐரோப்பாவின் பல நாடுகளும் அடங்கியிருக்கின்றன. 1480களின் ஃபுளோரன்ஸ் நகரப் பெண்ணையும் 1570களின் லண்டன் பெண்ணையும் அருகருகே நிறுத்தினால், முன்னவளின் உடை மென்மையாக உடலைத் தழுவி விழும். பின்னவளின் உடையில் உடற்பகுதி விறைத்து முன்புறம் கூராக இறங்கும், பாவாடை குடைபோல விரிந்து நிற்கும். இரண்டையும் கலந்தால் எந்தக் காலத்து உடையாகவும் அமையாது.

இந்த முடிவை எடுக்க எளிய வழி, ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து அதைக் கடைசிவரை கைவிடாமல் பின்பற்றுவது. செல்வக் குடும்பத்துப் பெண்ணாக வர விரும்பினால், கிர்லாண்டாயோ 1488ஐ ஒட்டி வரைந்த ஜியோவான்னா டோர்னபுவோனியின் உருவப்படத்தைப் பாருங்கள். அது மாட்ரிட் நகரின் தைசென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சந்தையில் காய்கறி விற்பவளாகவோ சமையற்காரியாகவோ வருவதற்கு, ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர் யோவாக்கிம் பியூக்லர் 1569, 1570 ஆண்டுகளில் வரைந்த சந்தை, சமையலறைக் காட்சிகளைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. கையை மடித்துவிட்ட சட்டை, முன்புறம் நாடாவால் பிணைத்த மேலாடை, ஏப்ரன், தலைத்துணி என்று எல்லாமே அவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. முதல்முறை தைப்பவர்களுக்கு நான் எப்போதும் உழைக்கும் பெண்ணின் உடையையே பரிந்துரைக்கிறேன். அதற்குச் சரிகையும் முத்தும் வேண்டியதில்லை. வடிவம் சரியாக இருந்தால் போதும், பார்த்தவுடனே காலம் புரிந்துவிடும். நாள் முழுவதும் நடக்கவும் உட்காரவும் அதில் எளிதாக இருக்கும் என்பது கூடுதல் நன்மை.

கேள்வி: வெளியே தெரியாத உள்சட்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்? அதை விட்டுவிட்டு மேலாடையை மட்டும் நன்றாகத் தைத்தால் போதாதா?

பதில்: போதாது. அந்தக் காலத்து உடை உள்ளிருந்து வெளியே கட்டி எழுப்பப்படுவது. கம்பளியாலும் பட்டாலும் ஆன மேலாடைகளை அவர்கள் துவைப்பது அரிது. உடலை ஒட்டி அணிந்த லினன் சட்டைதான் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சிக்கொண்டது. அதைத்தான் திரும்பத் திரும்பத் துவைத்து வெளுத்தார்கள். ஆணோ பெண்ணோ, செல்வரோ ஏழையோ, எல்லோருக்கும் இந்தச் சட்டை உண்டு. துணியின் மென்மையிலும் வெண்மையிலும்தான் வேறுபாடு. மேலும், அது வெளியே தெரியாத ஆடையும் இல்லை. கழுத்தோரத்திலும் மணிக்கட்டிலும் அது எட்டிப்பார்க்கும். இத்தாலிய உடைகளில் கையின் பிளவுகள் வழியாக வெள்ளைத் துணி உப்பி வெளிவருவதே பெரிய அழகு. ஜியோவான்னாவின் படத்தில் கையை உற்றுப் பார்த்தால் அது புரியும்.

தைப்பதற்கு இதைவிட எளிய ஆடை கிடையாது. முன்னும் பின்னும் உடலுக்கு இரண்டு நீண்ட செவ்வகம், கைகளுக்கு இரண்டு செவ்வகம், நடை தடைபடாமலிருக்கப் பக்கவாட்டில் முக்கோணத் துண்டுகள், அக்குளில் 12 முதல் 15 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துண்டு ஆகியவைதான் அதன் வெட்டு. அந்தச் சதுரத் துண்டை மட்டும் தவிர்க்காதீர்கள். அதன் ஒரு மூலை உடலின் பக்கத் தையலிலும் எதிர்மூலை கையின் தையலிலும் வந்து சேரும்படி குறுக்காக வைத்துத் தைத்தால், கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறாது. அக்குளில் கிழியவும் கிழியாது. கழுத்தைச் சுற்றிலும் துணியைச் சிறுசிறு சுருக்கங்களாக நூலிழுத்து ஒரு குறுகிய பட்டைக்குள் அடக்கலாம், அல்லது பட்டைக்குப் பதிலாக நாடா கோத்து இழுத்துக் கட்டலாம். பெரியவர் ஒருவருக்கு 3 மீட்டர் துணி ஏறக்குறையச் சரியாக இருக்கும். லினன் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே சூடான தண்ணீரில் துவைத்து உலர்த்திவிடுங்கள். லினன் கிடைக்காவிட்டால் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போதும். பாலியஸ்டர் மட்டும் வேண்டாம். இரண்டு மூன்று அடுக்கு உடைக்குள் அது வியர்வையை உறிஞ்சாமல் உடலை வேக வைத்துவிடும்.

கேள்வி: ஓரளவுக்குத் தையல் தெரியும். முன்புறம் நாடா கட்டும் நீண்ட கவுனைத் தைக்க நினைக்கிறேன். உடற்பகுதி சுருங்கிப்போகாமல் நிற்க என்ன செய்வது? நாடா கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் அடிக்கலாமா? பாவாடைக்கு எவ்வளவு அகலம் வைப்பது?

பதில்: நல்ல கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் உடற்பகுதி. பழைய படுக்கை விரிப்பு ஏதாவதொன்றில் மாதிரி வெட்டி, உள்சட்டையின் மேலேயே அதை அணிந்து பாருங்கள். உள்சட்டை இல்லாமல் அளவெடுத்தால் பிறகு இறுகும். முன்புறத்தின் இரு ஓரங்களும் சேர்ந்து முட்டிக்கொள்ளாமல் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி இருக்கும்படி வெட்டுவது நல்லது. புதுத்துணி அணிய அணியக் கொஞ்சம் தளரும், அப்போது நாடாவை இழுத்துச் சரிசெய்துகொள்ள அந்த இடைவெளி வேண்டும். துணி சுருங்கி மடியாமல் நிற்பதற்குக் காரணம் உள்ளே வைக்கும் அடுக்குதான். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே கெட்டியான கேன்வாஸோ முரட்டு லினனோ ஓரடுக்கோ ஈரடுக்கோ வைத்துத் தையுங்கள். 16ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரையிலான உழைக்கும் பெண்ணின் உடைக்கு இதுவே போதும், கம்பிகளோ எலும்புகளோ தேவையில்லை. மாதிரியை அணிந்துகொண்டு கையைத் தூக்கி, குனிந்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அகன்ற சதுரக் கழுத்து வைக்கும்போது தோள்பட்டைகள் நழுவுவதுதான் அதிகம் நேரும் குறை. அவற்றைப் பின்கழுத்துப் பக்கமாகச் சற்று உள்வாங்கி வெட்டினால் அது தீர்ந்துவிடும்.

அடுத்தது துளைகள். ஆடைகளில் அடிக்கும் உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. வெள்ளிபோல் மின்னும் வளைய வரிசை மற்ற எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். கையால் துளை போடுவது கடினமான வேலை என்று பலர் அஞ்சுகிறார்கள். பழகிவிட்டால் மனதுக்கு அமைதி தரும் வேலை அது. கூர்நுனியுள்ள துளையூசியைத் துணிக்குள் செலுத்தி, இழைகளை அறுக்காமல் விலக்கி மட்டும் வழி செய்ய வேண்டும். பென்சில் நுழையுமளவுக்குத் துளை விரிந்ததும், தேன்மெழுகு தடவிய லினன் நூலையோ பட்டு நூலையோ துளையின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றித் தைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தையலையும் துளையின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கி இழுங்கள். ஒரு சுற்று முடியும்போது துளை சற்று மூடிக்கொண்டதுபோல் தெரியும், மறுபடி ஊசியைச் செலுத்தி விரித்து இன்னொரு சுற்று தையுங்கள். இழைகள் அறுபடாமல் இருப்பதால்தான் நாடாவின் இழுப்பைத் துணி தாங்குகிறது. கத்தரியால் வெட்டிய துளை எத்தனை சுற்று தைத்தாலும் நாளடைவில் கிழியும். கைத்தையலுக்கு நேரமே இல்லையென்றால், உலோக வளையத்தை அடித்துவிட்டு அதை முழுவதும் மறைக்கும்படி மேல்துணியின் நிறத்து நூலால் சுற்றித் தைத்துவிடலாம். அருகில் வந்து பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது.

நாடா கோக்கும் முறைக்கும் காலம் உண்டு. இன்று காலணியில் கட்டுவதுபோல் இரு முனைகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போவதைவிட, ஒற்றை நாடா ஒரே திசையில் ஏறிச் செல்வதே அன்று பெருவழக்கு. நாடாவின் ஒரு முனையைக் கீழே முடிச்சிட்டு நிறுத்தி, மறுமுனையை வலப்பக்கத் துளையிலும் இடப்பக்கத் துளையிலும் மாறிமாறிக் கோத்து மேலே ஏற்ற வேண்டும். இதற்கு இருபக்கத் துளைகளும் நேருக்கு நேராக இல்லாமல், பாதி இடைவெளி தள்ளி அமைய வேண்டும். அப்படி வைக்காவிட்டால் இரண்டு ஓரங்களும் ஏற்ற இறக்கமாக நிற்கும். ஒரு பக்கத்தில் துளைக்குத் துளை 2 முதல் 2.5 செ.மீ. இடைவெளி சரியாக இருக்கும். இத்தாலிய உடை தைக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: துணியின் ஓரத்தில் உட்புறமாகச் சிறு உலோக வளையங்களைத் தைத்து அவற்றின் வழியாக நாடா கோக்கலாம். நாடாவின் முனையில், இன்றைய காலணி நாடாவில் இருப்பதுபோல், சிறு உலோக உறை பொருத்தினால் கோப்பது எளிதாகும். அந்தக் காலத்திலும் அப்படித்தான் பொருத்தினார்கள்.

பாவாடையின் கீழ்ச்சுற்று 3 மீட்டருக்குக் குறைய வேண்டாம். அதற்கும் குறைவான அகலத்தில் தைத்துவிட்டுச் சரியாக விழவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர். மெல்லிய துணியானால் தட்டையான கொசுவமாக மடித்து இடுப்பில் தைக்கலாம். தடித்த கம்பளியானால் குழல் போன்ற மடிப்பே அழகு. துணியின் மேலோரத்தை மடித்து, ஒரே அளவுள்ள நேர்த்தையலாக இரண்டு மூன்று வரிசை ஓட்டி, எல்லா நூல்களையும் ஒன்றாக இழுத்தால், சிறு குழல்கள் வரிசையாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு குழலின் முகட்டையும் உடற்பகுதியின் கீழோரத்தோடு தனித்தனியே கையால் பிணைக்க வேண்டும். இடுப்பில் பருமன் கூடாமல் மூன்று நான்கு மீட்டர் துணியை அடக்குவதற்கு இதைவிட நல்ல உத்தி இல்லை. நீளம் தரையைத் தொடவேண்டியதில்லை. விழாக்கள் புல்வெளியிலும் மண்ணிலும் நடப்பவை என்பதால், உழைக்கும் பெண்ணின் பாவாடை கணுக்காலுக்குச் சற்று மேலேயே நிற்கலாம்.

கைகளைத் தனியாகத் தைத்துத் தோளில் நாடாவால் கட்டிக்கொள்வது அன்றைய வழக்கம். வெயில் ஏறியதும் அவற்றை அவிழ்த்துவிட்டு உள்சட்டையின் கையோடு நடமாடலாம், மாலையில் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஒரே கவுனுக்கு இரண்டு நிறத்தில் கைகள் தைத்துக்கொண்டால் இரண்டு உடை வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

கேள்வி: ஏழைகள் பழுப்பும் சாம்பலும் மட்டுமே அணிந்தார்கள் என்றும், அரச குடும்பம் தவிர மற்றவர்கள் நல்ல நிறங்களை அணியச் சட்டமே தடுத்தது என்றும் கேள்விப்பட்டேன். நான் சந்தை வியாபாரியாக வரவிருக்கிறேன், சிவப்பு அணியலாமா?

பதில்: தாராளமாக அணியலாம். மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் ஐரோப்பாவில் எளிதாகக் கிடைத்தது. செங்கல் நிறம் முதல் இளஞ்சிவப்புவரை அதில் பல சாயல்கள் உண்டு. வோட் என்ற செடியின் இலையிலிருந்து நீலமும், வெல்ட் என்ற செடியிலிருந்து மஞ்சளும் கிடைத்தன; ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் பச்சையாக்கினார்கள். பியூக்லரின் சந்தைப் பெண்களையும் மூத்த பிரூகெல் 1567ஐ ஒட்டி வரைந்த விவசாயிகளின் திருமண விருந்தையும் பார்த்தால், சிவப்பும் பச்சையும் நீலமுமாகவே இருக்கும். விலை மிகுந்தவை வேறு: கெர்மிஸ் பூச்சியிலிருந்தும், 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து வரத்தொடங்கிய கொச்சினீல் பூச்சியிலிருந்தும் எடுத்த ஆழ்ந்த கருஞ்சிவப்பு, மங்காத அடர்கறுப்பு ஆகியவை. ஆகவே சந்தை வியாபாரியாக வருகிற நீங்கள் பளிச்சென்ற கறுப்பு வெல்வெட்டைத் தவிர்த்துச் செங்கல் சிவப்புக் கம்பளியை அணிவதே பொருத்தம்.

சட்டங்கள் இருந்தது உண்மை. ஆனால் அவை நிறத்தைவிடத் துணி வகையையே அதிகம் குறிவைத்தன. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1574இல் வெளியிட்ட அரசாணை ஊதாப் பட்டு, தங்க இழைத் துணி, சேபிள் என்ற விலங்கின் மென்மயிர்த் தோல் ஆகியவற்றை அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் ஒதுக்கியது. ஊதாப் பட்டுக்கு இருந்த தடையைத்தான் பிற்காலத்தில் எல்லா நிறங்களுக்கும் இருந்ததுபோல் விரித்துச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு சட்டம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 1571இல் தொப்பி பின்னுவோரின் பிழைப்பைக் காப்பதற்காக, 6 வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். மீறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். அந்தச் சட்டம் 1597வரை நடப்பிலிருந்தது. எலிசபெத் காலத்து வியாபாரியாக வருகிறவர் தட்டையான பின்னல் தொப்பி ஒன்றை அணிந்துகொண்டால், ஒரே பொருளில் காலமும் தகுதியும் விளங்கிவிடும்.

கேள்வி: நான் ஆண். கால்களை ஒட்டிய இறுக்க உடை எனக்கு ஒத்துவராது. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆண்களின் உடைக்கு அடிப்படை டப்ளெட் என்ற இடுப்புவரையிலான மேலாடை. முன்புறம் நெருக்கமாகப் பொத்தான் வைத்தது, உள்ளே கேன்வாஸ் அடுக்குடன் உடலை ஒட்டி நிற்பது. அதன் இடுப்போரத்தில் இருக்கும் துளைகளோடு கீழாடையை நாடாக்களால் கட்டிக்கொண்டார்கள். இடுப்புப் பட்டையின் வேலையை இந்த நாடாக்களே செய்தன. குனிந்து வேலை செய்கிறவர்கள் பின்பக்க நாடாக்களை அவிழ்த்துவிட்டுக்கொண்டதை அந்தக் கால ஓவியங்களிலேயே காணலாம். 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய இளைஞனாக வருவதற்குத்தான் கால்களை ஒட்டிய ஹோஸ் கட்டாயம் வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு வந்துவிட்டால், முழங்கால்வரை வரும் தளர்ந்த கால்சட்டையும் முழங்காலுக்குக் கீழே கம்பளி நீள்காலுறையும் போதும். தொளதொளப்பான கால்சட்டையை விவசாயிகளும் கடலோடிகளும் அணிந்தார்கள்.

நீங்கள் பின்பற்ற வேண்டிய ஓவியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், மொரோனி 1565க்கும் 1570க்கும் இடையே வரைந்த தையற்காரரின் படத்தைச் சொல்வேன். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வெளிர்நிற டப்ளெட்டும், தொடைப்பகுதியில் உப்பிய சிவப்புக் கால்சட்டையும், கழுத்திலும் மணிக்கட்டிலும் சிறிய வெண்சுருளுமாக அவர் நிற்கிறார். கையில் பெரிய கத்தரிக்கோல், மேசையில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்புத் துணி. நகையோ பூவேலையோ அந்த உடையில் கண்ணை ஈர்ப்பதில்லை. வெட்டின் நேர்த்திதான் ஈர்க்கிறது. இரண்டு நிறங்களில் ஆண் உடையை எப்படி முடிக்கலாம் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

டப்ளெட் தைக்க நேரமில்லாவிட்டால், அதன்மேல் அணியும் கையில்லாத ஜெர்கினை மட்டும் தடித்த கம்பளியிலோ தோலிலோ தைத்து, தளர்ந்த வெள்ளைச் சட்டையின்மேல் அணிந்துகொள்ளலாம். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கடலோடிகளின் தோல் ஜெர்கின்களும் காலணிகளும் கிடைத்திருக்கின்றன. போர்ட்ஸ்மத் நகர அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரண மனிதரின் உடை மிஞ்சியிருப்பது அரிது என்பதால் அவற்றின் மதிப்பு மிகப்பெரிது.

கேள்வி: கழுத்தைச் சுற்றிய பெரிய வெள்ளைச் சுருள் இல்லாமல் உடை நிறைவாகத் தோன்றுமா? அதைச் செய்வது எப்படி?

பதில்: 1560க்கு முற்பட்ட உடையானால் பெரிய சுருளே வேண்டாம். அது சட்டையின் கழுத்தோரத்தில் நாடா இழுக்கும்போது தானாக விழுந்த சிறு சுருக்கத்திலிருந்து வளர்ந்தது. 1560களுக்குப் பிறகுதான் அது தனியாகக் கழற்றிக் கட்டும் உருப்படியாகப் பெரிதானது. கஞ்சி போடும் கலை பரவியதும் அதற்கு ஒரு காரணம். இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி 1564இல் லண்டனில் அதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஈரக் கஞ்சி ஏற்றிய துணியைச் சூடான கம்பியால் 8 என்ற எண்ணின் வடிவில் மடித்து மடித்து நிறுத்த வேண்டும்; மழை பெய்தால் எல்லாம் தொங்கிவிடும்.

மிதமான அளவில் செய்ய, 8 செ.மீ. அகலமுள்ள மெல்லிய துணிப்பட்டை 5 அல்லது 6 மீட்டர் நீளத்துக்கு வேண்டும். பருத்தி ஆர்கண்டி தானாகவே விறைப்பாக நிற்பதால் கஞ்சி வேலை பாதியாகக் குறையும். ஓரத்தை மெல்லியதாக மடித்துத் தைத்து, ஒரு பக்கத்தைச் சீரான குழல்களாகக் கழுத்துப்பட்டையில் பிணைத்து, முன்புறம் இரண்டு நாடாக்களால் கட்டிக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பில் அடுத்தடுத்த குழல்களை ஓரிரு தையலால் தொட்டு இணைத்துவிட்டால் சுருள் கலையாது. விருந்தில் சாப்பிட வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்து அகலத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தலைமுடி, காலணி, மூக்குக் கண்ணாடி, கைபேசி ஆகியவற்றை என்ன செய்வது?

பதில்: தலையை மூடுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே பலன் அதிகம். வடக்கு ஐரோப்பாவில் வயதுவந்த பெண் தலைத்துணி இல்லாமல் வெளியே வருவது அரிது. முடியை இரண்டு பின்னலாகப் பின்னி, ரிப்பனால் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டால், வெள்ளை லினன் குல்லாயை அதில் குத்தி நிறுத்தலாம், நாள் முழுவதும் நகராது. குட்டை முடி உள்ளவர்களுக்கும் குல்லாய் எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலணி தட்டையாக இருக்க வேண்டும்; உயர்குதிகால் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. அலங்காரமில்லாத பழுப்பு அல்லது கறுப்புத் தோல் காலணியும், முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிய கம்பளிக் காலுறையும் பொருத்தம்.

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் இருந்தது; காதில் மாட்டும் கம்பிகள்தான் 18ஆம் நூற்றாண்டில் வந்தன. உங்களுக்குப் பார்வைக் கண்ணாடி தேவையென்றால் தயங்காமல் அணியுங்கள். வட்ட வடிவச் சட்டமாக இருந்தால் நல்லது. கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கைபேசியையும் பணத்தையும் இடுப்புக் கச்சையில் தொங்கும் துணிப்பையிலோ தோல் பையிலோ வைத்துக்கொள்ளலாம், அன்றும் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

கேள்வி: 4 வயது மகனுக்குச் சிறிய டப்ளெட் தைக்கலாமா? கையில் ஒரு வாளும் கேட்கிறான்.

பதில்: அந்த வயதுச் சிறுவர்கள் பாவாடையோடு கூடிய நீண்ட அங்கியைத்தான் அணிந்தார்கள். 6 அல்லது 7 வயதில்தான் முதல்முறையாகக் கால்சட்டை அணிவிப்பார்கள். அங்கி தைப்பது எளிது, அவன் ஓடியாடவும் வசதி. கால்சட்டைதான் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தால் அவன் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். வாளைப் பொறுத்தவரை, பல விழாக்களில் உறையிலிருந்து உருவ முடியாதபடி கைப்பிடியை உறையோடு சேர்த்துக் கட்டியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சில இடங்களில் பொம்மை வாளுக்கும் அனுமதி இல்லை. விழா நடத்துகிறவர்களின் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தையல் தெரியாது, இரண்டே நாட்களில் விருந்து. வீட்டிலிருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். பெண்ணானால், ஒற்றை நிறத்தில் கணுக்கால்வரை வரும் அகன்ற பாவாடை, கழுத்து மூடிய தளர்ந்த வெள்ளைச் சட்டை, அதன்மேல் உடலை ஒட்டிய கையில்லாத கம்பளிச் சட்டை, நீண்ட வெள்ளை ஏப்ரன் ஆகிய நான்கும் போதும். பாவாடைக்குள் இன்னொரு பாவாடை அணிந்தால் விழுகை சரியாகும். ஆணானால், காலர் இல்லாத வெள்ளைச் சட்டையும், முழங்காலுக்குக் கீழே செருகிக் கட்டிய தளர்ந்த கால்சட்டையும், நீள்காலுறையும், கையில்லாத தடித்த மேல்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப் தெரிந்தால் ஏப்ரனாலோ கச்சையாலோ மறையுங்கள். அச்சிட்ட பூக்களும் பளபளக்கும் செயற்கைச் சாட்டினும் வேண்டாம். பழைய திரைச்சீலை ஒன்றில் பெரிய மாதுளை வடிவமோ கொடி வடிவமோ நெய்திருந்தால், அதை மட்டும் தயங்காமல் எடுத்துப் போர்வை அங்கியாக்கலாம். அந்தக் காலத்து இத்தாலிய வெல்வெட்டுகளில் மாதுளை மிக விருப்பமான வடிவம்.

மீதமிருக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் தைக்க முடியுமென்றால் தலைக்குல்லாயைத் தையுங்கள். வெள்ளைத் துணியில் வெட்டிய ஒரு செவ்வகத்தை இரண்டாக மடித்து, மடிப்பை உச்சந்தலையில் வைத்து, பின்பக்கத்தின் மேற்பாதியைச் சுருக்கித் தைத்து, கீழோரத்தில் ஒரு நாடா கோத்துவிட்டால் முடிந்துவிடும். ஊசி பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். முன்னோரத்தை நெற்றியின் மேல்விளிம்பில் வைத்து, நாடாவைப் பின்கழுத்தில் இழுத்து, தலையைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து கட்டுங்கள்.